‘இந்தா’ என்னும் நீட்டலளவை: கீழக்குயில்குடிச் சமணர்மலையை முன்வைத்து ஒரு முதனிலை ஆய்வு

தமிழரின் நீட்டலளவைகளை ஆராய்ந்தவர்கள் சாண், முழம், கோல், கூப்பிடு, காதம் என்று எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். 4 கூப்பிடு ஒரு காதம், அதுவரை சமாதானம். அந்தக் காதம் எத்தனை மைல் என்பதில்தான் ஒருவர் வேட்டியை ஒருவர் பிடித்து இழுக்கிறார்கள். இந்தச் சண்டையில், மதுரைக்கு மேற்கே இன்றும் நாள்தோறும் புழங்கும் ‘இந்தா’ என்ற அளவை கேட்பாரற்றுப் போயிற்று. 1956-இல் மெட்ரிக் முறைக்குச் சட்டம் கொண்டுவந்தவர்களும் இதன்மேல் கைவைக்கவில்லை. இக்குறையைப் போக்க இவ்வாய்வாளன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாழ்வில் முதல் தடவையாக, ஒரு மலை ஏறினான்.

1. ஆய்வுக்களம்

சமணர் ஏவிய நாகத்தைப் பாண்டியன் அம்பெய்து வீழ்த்த, அது அப்படியே மலையாகக் கிடந்ததாகத் திருவிளையாடற் புராணம் சொல்கிறது. அதன் அடியில் நாகமலை புதுக்கோட்டை. அங்கிருந்து கொஞ்சம் தள்ளிக் கீழக்குயில்குடியில், சமணர்கள் மெய்யாகவே தங்கித் தவம் செய்த மலை. பாம்புக்கு ஒன்று, பாம்பை ஏவியதாகப் பழி சுமந்தவர்களுக்கு ஒன்று என்று இரு தரப்புக்கும் பக்கம் பக்கமாக மலை ஒதுக்கிய நேர்மை மதுரைக்கே உரியது.

1966-இல் தொடங்கப்பட்ட மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இப்பகுதியில்தான் இருக்கிறது. ஆயினும் ‘இந்தா’ குறித்து ஓர் ஆய்வேடும் இவ்வாய்வாளன் கண்ணில் படவில்லை. தேடவும் இல்லை. ‘இத்துறையில் இதுவே முதல் முயற்சி’ என்று எழுத வேண்டுமானால் தேடக்கூடாது என்பது ஆய்வு நெறி.

2. கருவிகள்

ஷூ: புதிது, கடித்தது. தண்ணீர்: ஒரு லிட்டர், மலையடிவார அய்யனார் கோயிலைத் தாண்டுமுன் முக்கால் லிட்டர் காலி.

3. சொல்லும் பாடபேதமும்

நாகமலை புதுக்கோட்டை டீக்கடையில் முதல் தரவு கிடைத்தது. “சமணர்மலை எம்புட்டு தூரம்ணே?” “இந்தா இருக்குல்ல, தம்பி.” (காண்க: டீக்கடை வாய்மொழி, கிழக்குப் பெஞ்சு.) மேற்குப் பெஞ்சிலிருந்தவர் ‘இந்தா, பக்கந்தேன்’ என்றார். பெரியவர்கள் கருத்து மாறுபடும்போது சுருக்கமான பாடமே பழையது என்பது பதிப்பாசிரியர் விதி. நீளமான பாடமே பழையது என்பதும் பதிப்பாசிரியர் விதி. நமக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டு மற்றதை ‘இடைச்செருகல்’ என்று தள்ளிவிடலாம்.

அடிவாரத்தில் ஆடு மேய்த்த ஆத்தாவிடம் கிடைத்த தரவு இன்னும் சிக்கலானது. “உச்சிக்கு இன்னும் எம்புட்டு ஆத்தா?” “இந்தாருக்குய்யா.” (ஆத்தா, வெற்றிலைக்கு முந்தைய பாடம்.) பத்து நிமிடம் கழித்து அதே இடத்தில் அதே கேள்விக்கு: “ந்தா.” (ஆத்தா, வெற்றிலைக்குப் பிந்தைய பாடம், முதலெழுத்து சிதைவு, சிவப்புக் கறை காரணமாக ஓலையின் வலப்பக்கம், அதாவது இவ்வாய்வாளனின் சட்டைக் கை, படிக்க இயலவில்லை, கறையின் காலத்தைச் சலவைக்காரர் முடிவு செய்ய வேண்டும்.) இரண்டையும் ஒப்பிட்டுச் செம்பதிப்பு ஒன்று கொண்டுவரலாம். மூன்று தொகுதி தேறும். விலையைப் பார்த்து நூலகம் மட்டும் வாங்கும்.

4. அளவு

மீட்டர் என்பது வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தொலைவு என 1983-இல் வரையறுத்தார்கள். ஒளி யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ‘இந்தா’ பார்க்கிறது. அடிவாரத்தில், நான் தெம்பாக நின்றபோது, ஒரு இந்தா என்பது கண்ணுக்கெட்டிய பாறை வரை. பாதிப் படியில், கம்பிக் கைப்பிடியில் துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தபோது, எதிரே இறங்கி வந்த ஒரு பையன் என்னைப் பார்த்துவிட்டு “அண்ணே, இந்தா வந்துருச்சுண்ணே” என்றான். அந்த இந்தாவுக்குள் முதல் இந்தா மூன்று அடங்கும். ஆகவே ‘இந்தா’ நிலத்தை அளப்பதே இல்லை. கேட்பவன் இன்னும் எவ்வளவு தாங்குவான் என்பதையே அளக்கிறது. முகம் வெளிற வெளிறச் சொல் இனிக்கிறது, தூரம் நீள்கிறது. உண்மையைச் சொல்லியிருந்தால் நான் இறங்கியிருப்பேன். பையனுக்கு அது தெரிந்திருக்கிறது.

5. நிற்றல்

மலையேற்றம் பெரும்பாலும் நிற்பதுதான். மூச்சுக்காக நிற்பவன் தோற்றவன். கல்வெட்டுக்காக நிற்பவன் அறிஞன். சமணர்மலையின் மேன்மை இங்கேதான். பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள்: பார்சுவநாதர், பாகுபலி, மகாவீரர் என்று. கீழே வட்டெழுத்து. எட்டின் முன்னும் நின்றேன், கன்னத்தில் விரல் வைத்து, புருவம் சுருக்கி. வட்டெழுத்தில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. மூச்சு ஆறாவது சிற்பத்திலேயே திரும்பிவிட்டது. மற்ற இரண்டும் மரியாதைக்கு. பின்னால் வந்த குடும்பத்தலைவர் ஒருவர் என்னைச் சுட்டிப் பிள்ளைகளிடம் “சார் ஆராய்ச்சி பண்றாரு, சத்தம் போடாதீங்க” என்றார். இத்துறையில் பல பேருக்குப் பெயர் கிடைத்த வழி இதுவாகத்தான் இருக்கும்.

படிக்காமல் நிற்பதற்கு மதுரை வட்டாரத்தில் முன்னோடிகளும் உண்டு. மாங்குளம் குகைக் கல்வெட்டுகளை 1882-இல் ராபர்ட் சீவெல் கண்டார். அவை தமிழ் என்று கே.வி.சுப்பிரமணிய ஐயர் சொன்னது 1924-இல். அந்த 42 ஆண்டும் எத்தனை பேர் கன்னத்தில் விரல் வைத்தார்களோ.

மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. அங்கே அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரின் நீண்ட காதைப் பார்த்து ஊரார் அவரைச் செட்டியார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அடிக்குறிப்பு ஒன்றும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

6. இறக்கம்

முட்டி.

7. ஆய்வு எல்லையும் இடரும்

முடிவுரை எழுத உட்கார்ந்த இடம், திரும்பும் மினி பஸ்ஸின் கடைசி சீட். உள்ளே நானும் இரண்டு வாழைத்தாரும் மட்டும். “எப்பண்ணே எடுப்பீங்க?” என்று கேட்டேன். கண்டக்டர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். வெளிறியிருந்திருக்க வேண்டும். மிகவும் இனிமையாகச் சொன்னார்: “இந்தா எடுத்துருவோம்.”

(கண்டக்டர் வாய்மொழி, டிக்கெட்டின் பின்பக்கம், வியர்வைப் படி, ‘இந்தா’வுக்கும் ‘எடுத்து’க்கும் நடுவே ஒரு கொட்டாவி, அதை எழுத்தாகக் கொள்வதா இடைவெளியாகக் கொள்வதா என்பதைக் கேட்க டிரைவரைத் தேடினேன், அவர் சாப்பிடப் போயிருந்தார்.)

அப்படியானால் ‘இந்தா’ காலத்தையும் அளக்கிறது. தலைப்பிலுள்ள ‘நீட்டலளவை’ தவறு. மூன்று, நான்காம் இயல்களைத் திருத்தி எழுத வேண்டும். வண்டியிலிருந்து இறங்கி டீக்கடைக்கு நடந்தேன். கிழக்குப் பெஞ்சில் அதே பெரியவர். “என்ன தம்பி, அதுக்குள்ள போய்ட்டு வந்துட்டீகளா? நாந்தேன் சொன்னேன்ல” என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.