ஈயும் சாம்பலும்: எருக் கழிப்பறைப் பூச்சியியலுக்கு ஒரு முன்னுரை

கொல்லையில் சொந்தமாக எருக் கழிப்பறை கட்டி முடித்தால் முதல் ஆய்வுக்கு வந்து சேர்வது வீட்டு ஈ. குழிக்குள் இறங்கிப் பார்க்கும். ஈரம் போதும் என்று பட்டால் தவணைக்கு நூறு முட்டை வீதம் இட்டு ஒப்புதல் வழங்கிவிடும். நம்மூர் வெயிலில் பத்து நாள் போதும், அத்தனையும் இறக்கை முளைத்து அடுப்படிக்கு வந்துவிடும். எனவே இத்துறையின் முதற்கொள்கை: ஈரம் இருக்கும் வரை ஈ இருக்கும்.

அறிஞர்கள் இரு மரபினராகப் பிரிந்துள்ளனர். சாம்பல் மரபின் மூலவர் ஹென்றி மூல் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார். உலர்ந்த மண்ணைக் கொட்டி மூடும் கழிப்பறைக்கு 1860இல் காப்புரிமை பெற்றவர். மண்ணோ சாம்பலோ மரத்தூளோ, உலர்ந்ததாக இருக்க வேண்டும், மலம் கண்ணுக்குத் தெரியாதபடி மூட வேண்டும். மழையில் நனைந்த சாம்பலைக் கொட்டுவது ஈக்கு மெத்தை விரிப்பதற்குச் சமம்.

குழாய் மரபு ரொடீசியாவில், இன்றைய ஜிம்பாப்வேயில், 1970களில் பீட்டர் மார்கன் கண்டது. குழியிலிருந்து கூரைக்கு மேல் ஒரு குழாய், அதன் உச்சியில் வலை. குழிக்குள் இருட்டு, பிறந்த ஈ வெளிச்சம் தேடிக் குழாயில் ஏறும், வலையில் முட்டி அங்கேயே மடியும். மார்கன் 78 நாள் எண்ணிப் பார்த்தார்: குழாயில்லாக் குழியிலிருந்து 13,953 ஈக்கள், குழாயுள்ளதிலிருந்து 146. அந்த மூன்றை விட்டுவிட்டு 13,950 என்று முழுமையாக்கிக்கொள்ளாத நேர்மைக்காகவேனும் 2013இல் அவர் பெற்ற ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு தகும். 'காற்றோட்டமாக, வெளிச்சமாக' என்று கூரையில் கண்ணாடி ஓடு பதிப்பவர்கள் கவனிக்க: அறைக்குள் வெளிச்சம் இருந்தால் ஈக்கள் குழாயை மதியா, உட்கார்ந்திருப்பவரை நோக்கியே வரும்.

ஈரத்தை வாசலிலேயே தடுத்தது காவிரிக்கரை முசிறி. ஸ்கோப் அமைப்பு அங்கே கட்டிய கழிப்பறைகளில் சிறுநீருக்கு ஒரு வழி, கழுவும் தண்ணீருக்கு ஒரு வழி. நடுவே உள்ள குழிக்குள் விழுவது மலமும் சாம்பலும் மட்டும். பொதுக் கழிப்பறைக்கு வந்தவர்களுக்குக் காசும் கொடுத்தார்கள். ஈக்குத்தான் ஒன்றும் தேறவில்லை.

கருப்பு சிப்பாய் ஈயைப் பற்றிப் பூசல் நீடிக்கிறது. அதன் புழு கழிவை வெளுத்துக் கட்டும்; வளர்ந்த ஈ சோற்றுத் தட்டை நாடாது. விரட்ட வேண்டாம் என்பதே என் கட்சி. பூச்சிமருந்து அடிப்போரைப் பற்றி அதிகம் பேசுவதற்கில்லை: மக்கச் செய்யும் உயிர்களையும் சேர்த்துக் கொன்றுவிட்டு, எரு ஏன் ஆகவில்லை என்று கேட்பார்கள்.

இரு மரபினரும் வகைப்படுத்தாமல் விட்ட இனம் ஒன்றுண்டு: விருந்தாளி. சாம்பல் வாளியைக் குப்பைத்தொட்டி என்று எண்ணுவார். பழக்க தோஷத்தில் ஒரு பக்கெட் தண்ணீரை நடுக்குழியிலேயே கவிழ்ப்பார். இவ்வினத்துக்கு எந்த வலையும் போதாது. ஆகவே கதவின் உட்புறம், கண்ணுக்கு நேராக, பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: 'நடுக்குழியில் தண்ணீர் ஊற்றாதீர், எழுந்ததும் ஒரு குவளைச் சாம்பல் போடுக.'