புகை பார்க்கும் பாம்பு: நாகலாபுரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கொம்பேறிமூக்கன் கடித்தால் ஆள் பிழைக்க மாட்டான். கடித்த பாம்பும் சும்மா போகாது. சுடுகாட்டுக்குப் போய், அங்கே நிற்கும் மரத்தின் உச்சிக் கொம்பில் ஏறி உட்கார்ந்து, பிணம் எரிகிற புகையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இறங்கும். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவருக்கும் போகாதவருக்கும் ஒரே மாதிரி தெரிந்த பாடம் இது. இப்படிப்பட்ட பொருள்மீது யாரும் ஒழுங்காகக் களஆய்வு செய்ததாக என் காதுக்கு எட்டவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை.

தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்து நாகலாபுரத்தைக் களமாகக் கொண்டதற்கு இரண்டு காரணங்கள். பெயரிலேயே நாகம் இருக்கிறது என்பது ஒன்று. என் மாமா வீடு அங்கே இருக்கிறது, சாப்பாட்டுக்குச் செலவில்லை என்பது மற்றொன்று. நெறியாளர் கேட்டால் முதல் காரணத்தைத்தான் சொல்வேன். அதுவும் உறுதியான காரணமல்ல. ஆந்திரத்தில் ஒரு நாகலாபுரம் உண்டு. கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாதேவியின் பெயரால் அமைத்த ஊர் அது. அங்கே ஊர்ப்பெயருக்குள் இருப்பவர் ஓர் அம்மா, பாம்பு அல்ல. பெயரைப் பிய்த்துப் பார்க்கிற ஆய்வாளர்கள் இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் நிதானிப்பது நல்லது.

ஒரு சொல்லுக்கு மட்டும் முதலிலேயே விளக்கம் தந்துவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் ‘காடு’ என்றால் விளைநிலம். உளுந்தும் கம்பும் மல்லியும் மிளகாயும் போட்டிருக்கும் வெட்டவெளி. காலையில் கிளம்பும்போது ‘காட்டுக்குப் போயிட்டு வாரேன்’ என்று சொல்கிறவர் களை எடுக்கப் போகிறார், வேட்டைக்கு அல்ல. இது தெரியாத வெளியூர் ஆய்வாளர் ‘காட்ல பாத்தோம்’ என்ற வாக்குமூலத்தைக் கேட்டுவிட்டு அடர்வனத்தைக் கற்பனை செய்துகொண்டால் ஆய்வு அங்கேயே கவிழ்ந்துவிடும்.

அடர்வனம் இருக்கிற தேசத்தில் அதிசயப் பிராணிக்கும் உடம்பு பெருத்துவிடுகிறது. 1958இல் வடக்குக் கலிபோர்னியாவில் பிளஃப் கிரீக் என்ற இடத்தில் ரோடு போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒன்றேகால் அடிக்கு மேல் நீளமுள்ள காலடித் தடங்களைப் பார்த்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை செய்தி போட்டது. ‘பிக்ஃபுட்’ என்ற பெயர் ஊரெல்லாம் பரவியது. அந்த ரோட்டு வேலையை எடுத்துச் செய்த ரே வாலஸ் 2002இல் இறந்ததும், அவர் குடும்பத்தார் பரணிலிருந்து பழைய குத்துவிளக்கை இறக்குவதுபோல மரத்தில் செதுக்கிய இரண்டு பாதங்களை எடுத்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகும் பிக்ஃபுட்டைப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த நாட்டு மரவெட்டிகள் இதைவிடக் கெட்டிக்காரர்கள். ஆளுக்குப் பின்னாலேயே வரும், திரும்பிப் பார்த்தால் சட்டென்று அடிமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் ஒரு பிராணியைப் படைத்து, ‘பின்னொளிஞ்சான்’ என்று பொருள்படப் பெயரும் வைத்தார்கள். யாரும் பார்த்ததில்லை என்பதுதான் அது இருப்பதற்கு ஆதாரம். இத்தனை கச்சிதமான தர்க்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கரிசலில் அந்தப் பிராணி ஒரு நாள் தாக்குப்பிடிக்காது. ஒளிய மரம் வேண்டுமே. நாகலாபுரத்துக்கு வெளியே நின்றால் மூன்று மைலுக்கு அப்பால் பஸ் வரும் புழுதி தெரியும். அது நம் பஸ்ஸா இல்லையா என்று ஊகித்து முடித்து, ஒரு டீயும் குடித்து முடிக்கலாம். இங்கே ஆறடி உயரப் பிராணி நடமாடினால் யாராவது கூப்பிட்டு நிறுத்தி, எந்த ஊர், யார் வீட்டுக்கு என்று விசாரித்துவிடுவார்கள். ஆகவே கரிசலில் நிலைக்க வேண்டிய அதிசயப் பிராணி விரல் பருமனைத் தாண்டக் கூடாது என்பது என் முதல் கருதுகோள். கொம்பேறிமூக்கன் அந்த அளவுக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஒரு கஜ நீளம், சில சமயம் கொஞ்சம் கூட. பருமன் ஒரு நல்ல கயிற்றளவு.

அமெரிக்காவில் அதற்கு ஒரு பங்காளி இருப்பதை இவ்வாய்வின் கண்டுபிடிப்பாகவே முன்வைக்கிறேன். தெற்கு மாநிலங்களில் ‘கோச்விப்’ என்று ஒரு பாம்பு உண்டு. குதிரைவண்டிக்காரன் சாட்டை என்று பொருள். வாலைப் பார்த்தால் பின்னிய சாட்டைபோலவே இருக்கும். அந்த ஊர்க் கதைப்படி இது ஆளைக் காலோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு வாலால் விளாசியே கொன்றுவிடும். அதோடு விடுவதில்லை. வால் நுனியை மூக்குத் துவாரத்தில் விட்டு மூச்சு வருகிறதா என்று பார்க்கும். நம் பாம்பு புகை பார்க்கிறது, அந்தப் பாம்பு மூச்சுப் பார்க்கிறது. இரண்டுமே மரணச் சான்றிதழ் இல்லாமல் கோப்பை மூடாத அதிகாரிகள்.

இன்னும் வேடிக்கை, இரண்டும் நிஜத்தில் ஒரே குணம். ஒல்லி, படுவேகம், பகலில்தான் நடமாட்டம், விஷம் கிடையாது. கொம்பேறிமூக்கன் தவளையும் ஓணானும் பல்லியும் தின்று வயிறு வளர்க்கும் சாது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியது. மருந்துக்காக அவர்கள் விஷம் எடுப்பது நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிடமிருந்து. கொம்பேறிமூக்கன் அங்கே மனுப் போட்டாலும் வேலை கிடைக்காது. தகுதியில்லை.

இனி சாட்சிகள். ஆய்வு முறையியலில் முதன்மைச் சான்று, துணைமைச் சான்று என்று பிரிப்பார்கள். நான் போன அன்று டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களிடம், சுடுகாட்டு மரத்தில் கொம்பேறிமூக்கனைப் பார்த்தவர் யார் என்று கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். நீங்களே பார்த்தீர்களா என்று கேட்டதும் தலைகள் ஒவ்வொன்றாகக் கிளாஸுக்குள் இறங்கின. ஒருவருக்கு அவர் மச்சினன் சொன்னது. ஒருவருக்கு, மச்சினனோடு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர் சொன்னது. ஒரு பெரியவர் மட்டும் நான்தான் பார்த்தேன் என்று அடித்துச் சொன்னார். எந்த ஊர்ச் சுடுகாடு என்று கேட்டேன். ‘அது எங்க சின்னய்யா பாத்த ஊரு’ என்றார். மச்சினனைத் தேடிப் புதூர் வரை போனேன். அவர் சிரித்துக்கொண்டே, ‘நான் எங்கங்க பாத்தேன், எங்க மாமால்ல பாத்தாரு’ என்றார். அந்த மாமா நான் கிளம்பி வந்த அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். முழுவதுமே துணைமைச் சான்றுகளால் ஆகி, வட்டமாகச் சுற்றி வந்து சேர்கிற தரவுத் தொகுப்பு உலகில் வேறெங்கும் இருக்குமா என்று ஐயுற்றேன். உண்டு. அமெரிக்காவில் ‘வளையப் பாம்பு’ என்று ஒன்றைச் சொல்வார்கள். தன் வாலைத் தானே கவ்விக்கொண்டு சக்கரம்போல உருண்டு ஆளைத் துரத்துமாம். அதை நேரில் காட்டுகிறவருக்கு நியூயார்க் உயிரியல் பூங்காவின் பாம்பு அறிஞர் ரேமண்ட் டிட்மார்ஸ் 10,000 டாலர் பாங்கியில் போட்டு வைத்திருந்தார் என்று ஒரு பேச்சு. எடுத்துப்போக யாரும் வரவில்லை. நம் ஊராக இருந்தால் மச்சினனை அனுப்பியிருப்பார்கள்.

வாய்மொழி வழக்கை அற்பமென்று தள்ளுகிறவன் இல்லை நான். பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் இந்த மாதிரிப் பேச்சையெல்லாம் காது கொடுத்துக் கேட்டுத்தான் கதை சேர்த்தார், 1982இல் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதியே போட்டார். பல்கலைக்கழகமே அவரைக் கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலி கொடுத்தது. அந்தத் தைரியத்தில்தான் நானும் மாமாவிடம் குறிப்பேட்டோடு உட்கார்ந்தேன்.

“மாமா, புதைக்கிற வழக்கம் உள்ளவுகளக் கடிச்சா அது என்ன செய்யும்? புகை வராதே?”

மாமா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டார். “மண்ணு தள்ளுற மட்டும் இருந்து பாத்துட்டுப் போகும், மாப்ள.”

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி ஆளு பொழச்சுட்டா?”

“அதுக்கு வழி இருக்கு. நாலு கட்டு வைக்கோல சுடுகாட்டுல போட்டுக் கொளுத்திவிடணும். ஆளு செத்துட்டான்னு நம்பி எறங்கிப் போயிரும்.”

இந்த ஒரு விடையில் ஆய்வு சூடுபிடித்தது. ஏனென்றால் நாகலாபுரம் வட்டாரத்தில் புகைக்குப் பஞ்சமே கிடையாது. காடு தரிசாகிப் போன இடமெல்லாம் வேலிக்கருவை மண்டிக் கிடக்கிறது. அதை வெட்டிக் கரி மூட்டம் போடுவது பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. விறகைக் கூம்பாக நட்டு அடுக்கி, மேலே வைக்கோல் போர்த்தி, ஈர மண்ணை அப்பி, சின்னத் துவாரம் வழியாகத் தீ வைப்பார்கள். உள்ளே கொழுந்து விடக் கூடாது, நாள்கணக்கில் புழுங்கிக் கனிய வேண்டும். வெள்ளையாகச் சுருண்டு வரும் புகை நீலம் தட்டினால் கரி ஆகிவிட்டது என்று கணக்கு. சுடுகாட்டிலும் ஏறக்குறைய இதே கைவேலைதான்: வறட்டி அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மண் பூசி, ஓட்டை விட்டுத் தீ. ஒரு கொம்பேறிமூக்கன் உச்சிக் கொம்பில் ஏறி நாலா திசையும் பார்த்தால் எது பிணப்புகை, எது கரிப்புகை என்று எப்படிப் பிரிக்கும்? தான் கடிக்காத ஊரிலெல்லாம் ஆள் செத்துக்கொண்டிருக்கிறான் என்று அதற்குத் தலை கிறுகிறுக்காதா? மாமாவின் வைக்கோல் வைத்தியம் உண்மையென்றால், கரி மூட்டம் போடுகிற வட்டாரம் முழுவதும் ஆண்டு பூராவும் பாம்பை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது என்றாகிறது.

பெயரிலும் ஒரு சிக்கல். பாம்பு வாசனையைப் பெரும்பாலும் நாக்கை நீட்டித்தான் வாங்கி, மேலண்ணத்தில் உள்ள உறுப்பில் வைத்து அறிகிறது. புகையை அறிய அது மரம் ஏற வேண்டியதே இல்லை. தரையிலிருந்து நாக்கை நீட்டினால் போதும். கொம்பேறிநாக்கன் என்பதே சரியான பாடமாக இருக்கலாம். ஏடெழுதியவர் பிழை என்று வைத்துக்கொள்வோம்.

இதுவரை சிரித்தாயிற்று. சிரிப்பு வராத ஒரு கணக்கும் உண்டு. 2020இல் வெளியான ஆய்வின்படி, 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர். ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள். கரிசல்காட்டில் கோடையில் கை நுழையும் அளவுக்கு நிலம் வெடிக்கும். அந்த வெடிப்பிலும் வரப்புக் கல்லடியிலும் மண் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும் சுருட்டைவிரியன், ஒரு முழ நீளம்கூடத் தேறாது. கட்டுவிரியன் ராத்திரியில் வீட்டுக்குள் வந்து தரையில் பாய் விரித்துப் படுத்தவனைக் கடிக்கும். பல்பட்ட தடமும் சரியாகத் தெரியாது, வலியும் இருக்காது. விடியும்போது வயிறு வலிக்கும், கண்ணிமை தானாக இறங்கும். கடித்தது எது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பொழுது விடிந்ததும் வீட்டுக்காரர்கள் சுற்றுமுற்றும் தேடுவார்கள். வெயிலில் வேப்பங்கிளையில் தலையைத் தூக்கிக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். பகலில் நடமாடுகிற குற்றத்துக்காகக் கொலைப்பழி கொம்பேறிமூக்கன்மேல் விழுந்தது என்பது என் இரண்டாவது கருதுகோள். கோச்விப்புக்கும் இதுவே நடந்திருக்க வேண்டும். கதைக்குச் சாட்சி தேவை. சாட்சிக்கு வெளிச்சம் தேவை. வெளிச்சத்தில் அகப்பட்டவனே குற்றவாளி. போலீஸ் நடைமுறை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

கடைசி நாள் மாமாவோடு ஊர்ச் சுடுகாட்டுப் பக்கம் போனேன். வெயில் ஏறிய நேரம். கொட்டகைக்குப் பக்கத்து வேம்பில், நாலாவது கவட்டையில், மாமா விரலை நீட்டாமல் மோவாயால் காட்டினார். முதுகு நெடுகச் செம்பு நிறத்தில் ஒரு பட்டை, முகத்தை அடைத்துக்கொண்டு பெரிய கண். வாயில் ஒரு ஓணான். தலை உள்ளே போயிருந்தது, பின்னங்கால் இரண்டும் வெளியே காற்றை உதைத்துக்கொண்டிருந்தன. கழுத்து உப்ப உப்ப, செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே மறைந்திருந்த நீலம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஓணான் உள்ளே போய் முடியப் பத்து நிமிஷம் ஆனது. கிழக்கே யாரோ போட்ட மூட்டத்திலிருந்து புகை நேராக எழும்பிக்கொண்டிருந்தது. பாம்பு மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தது. சாப்பாடு முடிந்ததும் வாயைக் கிளையில் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு, அடுத்த கிளைக்குத் தாவிக் காணாமல் போயிற்று.

“யாருக்கு வந்திருக்குன்னு தெரியலையே” என்றார் மாமா.

என் குறிப்பேட்டில் ‘முதன்மைச் சான்று: ஒன்று. புகை பார்த்தல்: இல்லை’ என்று எழுதிக்கொண்டேன். சாயங்காலம் டீக்கடையில் மாமா கதையை அவிழ்த்தார். மாப்பிள்ளை நேரிலேயே பார்த்துவிட்டார், படித்த பிள்ளை, நோட்டில்கூட எழுதி வைத்திருக்கிறார் என்றார். புகைப்பக்கம் அது திரும்பவே இல்லை என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பி வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. புதூர் மச்சினன்.

“அண்ணாச்சி, இப்பத்தான் கேள்விப்பட்டேன். ஒங்களக் கடிச்சுட்டுத்தான் அது வேப்பமரத்துல ஏறி உக்காந்திருந்துச்சாமே? இப்ப ஒடம்பு எப்படி இருக்கு?”