மிளகுத்தூள் ஏன் ஓடியது?

விஞ்ஞானம் செய்ய ஆய்வுக்கூடம் எதற்கு? ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு தையல் ஊசி, அம்மா கோயிலுக்குப் போயிருக்கும் அரை மணி நேரம். போதும்.

ஊசியைச் சும்மா போட்டால் மூழ்கிவிடும். இரும்பு, தண்ணீரைவிட ஏறக்குறைய 8 மடங்கு கனம். மூழ்காமல் என்ன செய்யும்? டிஷ்யூ பேப்பரில் ஒரு துண்டு கிழித்து நீர்மேல் விரித்து, அதில் ஊசியைப் படுக்க வையுங்கள். பேப்பர் ஊறிக் கீழே போய்விடும், ஊசி மேலேயே கிடக்கும். மேற்பரப்பு மூலக்கூறுகளுக்குத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால் பரப்பு எப்போதும் சுருங்கவே பார்க்கிறது; அந்த இறுக்கம்தான் ஊசியைத் தாங்குகிறது. பரப்பு இழுவிசை என்று பத்து மதிப்பெண்ணுக்கு நாம் உருப்போட்டது இதைத்தான்.

அடுத்து, விளிம்புவரை நிரப்பிய தம்ளர். அதில் ஒரு ரூபாய்க் காசுகளை ஓரமாக நழுவவிட்டேன். நீர் விளிம்புக்கு மேலே உப்பியதே தவிர வழியவில்லை. “இன்னும் ஒண்ணு போடுங்க” என்று மனைவி பந்தயம் கட்டினாள். கோயிலிலிருந்து திரும்பிய அம்மா, அத்தனை காசையும் எடுத்துத் துடைத்து உண்டியலில் போட்டுவிட்டார். விஞ்ஞானத்துக்குச் செலவு செய்யத்தான் வேண்டும்.

இருப்பதிலேயே அழகு மிளகுத்தூள்தான். தட்டில் நீர் ஊற்றி, மேலே தூவி, பாத்திர சோப்புத் தொட்ட விரலை நடுவில் வைத்தால், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ‘செயலாளராக யார் வருகிறீர்கள்?’ என்று கேட்டதும் நடப்பதுபோல எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். மிளகுக்கு சோப்பைக் கண்டு பயமில்லை. நடுவில் சோப்பு பட்ட இடத்தில் இழுவிசை தளர்கிறது. ஓரத்து நீர் வலுவாக இழுக்கிறது. மிளகு கூடவே போகிறது.

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்ற பெண், நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொண்டு சமையலறையிலேயே இதே பரப்பு இழுவிசையை அளந்தார். அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. தகரத் தொட்டி ஒன்றை வைத்துத் தானே கருவி அமைத்து, 1891இல் இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். அவர் அதை ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்ப, அந்த ஆண்டே அச்சேறியது. கௌரவ டாக்டர் பட்டம் வர 1932 ஆயிற்று.

இதை மனைவியிடம் உருக்கமாகச் சொன்னேன். “அந்தம்மா பாத்திரம் கழுவிக்கிட்டே விஞ்ஞானி ஆனாங்க. நீங்க விஞ்ஞானின்னு சொல்லிக்கிட்டுப் பாத்திரமா சேர்க்கறீங்க” என்றாள்.

செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ரசத்துக்கு வைத்த மிளகில் கை வைக்காதீர்கள். தட்டை நீங்களே நன்றாகக் கழுவுங்கள். துளி சோப்பு மிஞ்சினாலும் அடுத்த முறை மிளகு நகராது.