பிடித்துக்கொண்டு நிற்கவும் கரண்டா?

கே: சிஎன்சி லேத் சும்மா நின்றாலும் ஹைட்ராலிக் பவர்பேக் ஓடிக்கொண்டே இருக்கிறதே, அப்படி என்ன வேலை? (பட்டறைக்காரர், கோவை)

ப: எண்ணெய் காய்ச்சுகிறது! சக் ஒருமுறை ஜாப்பை இறுக்கிவிட்டால், அப்புறம் தேவை அழுத்தம் மட்டுமே. கசிவை ஈடுகட்டக் கொஞ்சம் எண்ணெய் போதும். நிலையான அளவு தள்ளும் பம்ப்புக்கு அது தெரியாது. நிமிடத்துக்கு 15 லிட்டர் என்றால் 15 லிட்டர்தான். மிஞ்சியது ரிலீஃப் வால்வு வழியாகத் தொட்டிக்கே திரும்பும், சூடாக. பாரையும் லிட்டரையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 40 பார், 15 லிட்டர் என்றால் 1 கிலோவாட். இரண்டு ஷிஃப்டுக்கு 16 யூனிட். மோட்டாரும் பம்ப்பும் தின்பது தனி.

கே: எண்ணெய் ரொம்பச் சுடுகிறது. பெரிய கூலர் மாட்டலாமா? (ஓசூர்)

ப: தாராளமாக. சூடாக்க ஒரு பில், ஆற்ற இன்னொரு பில். மின்வாரியம் வாழ்த்தும்.

முதலில் சூடு எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். அந்தச் சூடு மெஷினுக்கும் ஏறும். ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி ஏறினால் சுமார் 12 மைக்ரான் நீளும். மதியத்துக்குமேல் சைஸ் ஓடுகிறது என்று ஆபரேட்டரைத் திட்டுமுன், எண்ணெய்த் தொட்டியின் வெப்பத்தை ஒருமுறை அளந்துவிடுங்கள்.

கே: அழுத்தத்தைக் குறைத்தால்?

ப: மிச்சம்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு திருகாதீர்கள். வேகம் கூடக்கூட மையவிலக்கு விசை தாடைகளை வெளியே இழுக்கும். வெளிப்புறமாகப் பிடித்த ஜாப்பின் பிடி தளரும். சுற்றும் வேகத்துக்கு எவ்வளவு பிடி வேண்டும் என்று சக் தயாரிப்பாளரின் அட்டவணை சொல்லும். பறந்து வரும் ஜாப் கரண்ட் பில்லைப் படிக்காது.

கே: சர்வோ பம்ப் போட்டால் பாதிக்குமேல் மிச்சம் என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா? (அம்பத்தூர்)

ப: அவரை விடுங்கள், உங்கள் சைக்கிளைக் கேளுங்கள். சர்வோ பம்ப் தேவைக்கேற்பத்தான் சுழலும். ஐந்து நிமிட சைக்கிளில் சக் திறந்து மூடுவது சில நொடிதான் என்றால், அவர் சொல்வது நடக்கக்கூடும். ஏற்கெனவே அழுத்தம் நிறைந்ததும் ஓட்டத்தைத் தானே குறைக்கும் பம்ப் இருந்தால் மிச்சம் சுருங்கும். எனர்ஜி மீட்டரை ஒரு வாரம் மாட்டிவிட்டு, அது காட்டும் கணக்கோடு பேரம் பேசுங்கள்.

கே: செலவு குறைந்த வழி?

ப: அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்குமுலேட்டரும் பிரஷர் ஸ்விட்சும். அழுத்தம் நிறைந்ததும் பம்ப் ஓய்வெடுக்கும். மோட்டார் நின்றாலும் அக்குமுலேட்டருக்குள் அழுத்தம் விழித்தே இருக்கும். ஸ்பேனரை எடுக்குமுன் வடித்துவிடுங்கள்.