எந்த வீட்டுக்கு, சார்?

அமெரிக்காவில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, வளர்ப்புக் குடும்பங்களில் நாலு வீடு மாறிய ஒரு பிள்ளை தப்பித்தவறிக் கல்லூரி வாசலுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ‘ஃபாஃப்சா’ என்ற உதவித்தொகைப் படிவம். 13 வயதுக்குப் பிறகு எப்போதாவது வளர்ப்புப் பராமரிப்பில் இருந்திருந்தால் பெற்றோர் வருமானத்தைக் காட்ட வேண்டியதில்லை. பரவாயில்லையே என்று நிமிர்ந்தால், கல்லூரி அதற்கு அத்தாட்சி கேட்கலாம். துணிமணியையே பிளாஸ்டிக் பையில் தூக்கி அலைந்தவன் கோப்பையா பத்திரப்படுத்தியிருப்பான்?

அடுத்து, செனட்டர் ஜான் சேஃபி பெயரிலான திட்டத்தின் கல்வி வவுச்சர். 2002-இல் சட்டமானது, ஆண்டுக்கு அதிகபட்சம் 5,000 டாலர். அதற்குப் பிறகு கல்லூரிக் கட்டணம் ஏறியது, வாடகை ஏறியது, பர்கர்கூட ஏறியது. வவுச்சர் மட்டும் அசையாமல் தவத்தில் இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு முறை, கொரோனா புண்ணியத்தில் 12,000 ஆனது. 2022 செப்டம்பர் 30-உடன் அந்த உயர்வும் முடிந்தது. கிருமிக்கு இருந்த செல்வாக்கு பிள்ளைகளுக்கு இல்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். கிறிஸ்துமஸ் வந்தால் பல கல்லூரிகள் விடுதியைப் பூட்டிவிட்டு, “வீட்டுக்குப் போய்ச் சந்தோஷமாக இருங்கள்” என்கின்றன. எந்த வீட்டுக்கு? சில கல்லூரிகளுக்கு இது உறைத்து, இவர்களுக்காக அறைகளைத் திறந்து வைக்கின்றன. நல்லவர்கள்.

26 வயதானால் வவுச்சரும் கிடையாது. நம் வீட்டு 26 இன்னும் அப்பாவிடம் பெட்ரோலுக்குக் காசு கேட்டுக்கொண்டிருக்கிறது.