ரிவெட்டும் ஆராய்ச்சியும்: சரக்குப் பெட்டி இயலுக்கு ஒரு முன்னுரை

உண்மை அளவில் 87-இல் ஒரு பங்காக ஓடும் அமெரிக்க மாதிரி ரயில்களுக்கு எந்தச் சரக்குப் பெட்டியை முதலில் தயாரிப்பது என்ற வினா, உலகின் சில்லறைச் சிக்கல்களால் நெடுநாளாகப் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். சரக்குப் பெட்டிகள் ஐவகைப்படும் எனக் கொள்க. ஹாப்பர், கரி ஏற்றும். டேங்கர், எண்ணெய் ஏற்றும். தட்டுப் பெட்டி, தட்டையானது. ஐஸ் பெட்டி, இறைச்சியும் பழமும் ஏற்றும். அதன் பக்கங்களில் பளிச்சென்று விளம்பரம் எழுதும் வழக்கத்துக்கு 1930களில் அரசு ஆணையம் முற்றுப்புள்ளி வைத்தது. மாதிரி உலகுக்கு அந்த ஆணை இன்னும் வந்து சேரவில்லை. ஐந்தாவது, நான்கு பக்கமும் மூடிய பாக்ஸ்கார். இதையே செய்ய வேண்டும் என்பது நம் துணிபு.

சான்றுகள் வருமாறு. கரி ஹாப்பர் பெரும்பாலும் தன் சொந்தக் கம்பெனியின் பாதையிலேயே காலம் தள்ளியது. பாக்ஸ்காரோ சரக்கு போன ஊருக்கெல்லாம் போனது. பென்சில்வேனியா ரயில் கம்பெனியின் பெட்டி கலிஃபோர்னியாவில் நின்றாலும் யாரும் ஏனென்று கேட்கவில்லை. புல்மன்-ஸ்டாண்டர்டு நிறுவனம் 1947 முதல் கட்டிய பி.எஸ்.-1 வகைப் பாக்ஸ்கார் மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 'பிக் பாய்' நீராவி எஞ்சினோ உலகத்திலேயே 25தான். ஆனால் மாதிரி ரயில் அறைகளைப் பார்ப்பவருக்கு இந்த எண்கள் இடம் மாறிவிட்டனவோ என்ற ஐயம் எழும்.

இத்தனை பெருமை வாய்ந்த பெட்டியை அறிஞர்கள் ஏன் கொண்டாடவில்லை? இங்கேதான் தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணி குறுக்கிடுகிறது. ஓர் அங்குல அகலமுள்ள ரிவெட் தலை மாதிரியில் 0.3 மில்லிமீட்டர்கூட வராது. அது வரிசைக்கு எத்தனை என்பதில் ஒரு கட்சியார் புகைப்படம் காட்டுவர். மறு கட்சியார் அதே புகைப்படத்தில் விழுந்த நிழலைக் காட்டி மறுப்பர். மூன்றாமவர் இருவரையும் தள்ளிவிட்டு, தம் முந்தைய கட்டுரையின் அடிக்குறிப்பையே ஆதாரமாகக் காட்டுவார். அந்த அடிக்குறிப்போ, அப்போது வரவிருந்த அவரது இதே கட்டுரையையே ஆதாரமாகக் காட்டியிருக்கும். பிறகு எல்லோரும் பெட்டியைக் கவிழ்த்து, ஓடும்போது எவர் கண்ணுக்கும் படாத பிரேக் சிலிண்டரை ஆராய்வர். உள்ளே என்ன சரக்கு என்று கேட்பவர் அவையில் இரார். சுவடியின் புள்ளியைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதிவிட்டுப் பாட்டைப் படிக்க மறந்துபோகும் மரபு நமக்கும் புதிதல்லவே. பி.எஸ்.-1 செய்த பாவம், அதன் பக்கத் தகடுகள் பெரும்பாலும் வெல்டிங் செய்யப்பட்டவை என்பதுதான். எண்ணுவதற்கு ஒன்றுமில்லாத பொருளில் ஆய்வேடு எழாது.

விளம்பரம் எழுதிய வண்ண ஐஸ் பெட்டிதானே விற்கும் என்பர் தயாரிப்பாளர். விற்கும், ஆனால் ஒருவருக்கு ஒன்றுதான். காவி நிறப் பாக்ஸ்காரோ ஒருவருக்கே முப்பது வேண்டும். அச்சு ஒன்றே போதும், பக்கத்து எண்ணை மட்டும் மாற்றினால் ஆயிற்று. அது ஏற்கெனவே கடையில் கிடைக்கிறதே என்பது அடுத்த தடை. பிக் பாயும்தான் கிடைக்கிறது. அதை மறுபடி மறுபடி வெளியிட யாரும் கூசுவதில்லை. ரிவெட் இல்லையே என்று வருந்தும் அறிஞர்கள், ரயிலில் எந்தப் பெட்டி எத்தனை என்று எண்ணலாம். முதலில் எண்ணியிருக்க வேண்டியது அதைத்தான்.