சிவப்பு வட்டத்துக்குள் ஓர் அரை லிட்டர்

காலையில் கீழே இறங்கிப் போய், கேட்டில் வரிசையாகத் தொங்கும் பைகளில் என் பையிலிருந்து, நான் காசு கொடுத்த ஆவின் பச்சை அரை லிட்டரை எடுத்துக்கொண்டு வந்தேன். காபி குடித்து முடிப்பதற்குள் அது வீடியோவாகிக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. என்னைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். கீழே, ‘யார் இந்த நபர்? தெரிந்தவர்கள் உடனே தெரிவிக்கவும்.’ அதற்கும் கீழே மூன்றாவது மாடி அக்கா, ‘அய்யோ, காலம் கெட்டுக் கிடக்கு’ என்று எழுதி, கும்பிடும் கை இரண்டு போட்டிருந்தார்.

இந்தக் கட்டடம் எழும்பிய நாளிலிருந்து இங்கேதான் குடியிருக்கிறேன். வட்டம் போட்ட செக்ரட்டரி, போன வாரம் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து மெதுவடை தின்றவர்.

‘நான்தான் சார் அது’ என்று எழுதினேன்.

‘ஓ, நீங்களா! சாரி சார். பார்க்க வேற மாதிரி இருந்துச்சு.’

வேற மாதிரி என்றால் எந்த மாதிரி? அந்தக் கடுப்பு இன்னும் அடங்கவில்லை. கண்காணிப்புக் கேமராக்களைப் பற்றி மூன்று முக்கியமான விஷயங்களைச் சொல்லிவிடுவது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். சொல்கிறேன். முதலில் இந்த வேற மாதிரியை ஒரு வழி பண்ணிவிடுகிறேன்.

சிசிடிவியில் யாரைப் பார்த்தாலும் திருடனாகத்தான் தெரியும். அதற்கு நல்லவன் கெட்டவன் பேதமே கிடையாது. கேமரா பத்தடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் மனிதனுக்கு முகம் இல்லை, வழுக்கையும் தொப்பையும்தான். படமும் விட்டுவிட்டுத்தான் ஓடும். கேட்டுக்கு வெளியே நின்ற ஆள் அடுத்த கணம் உள்ளே நிற்பார். நடுவில் கேட்டைத் திறந்தது பதிவாகியிருக்காது. ஆகவே ஏறிக் குதித்திருக்கிறார். கைலியை மடித்துக் கட்டியிருந்தால் ஓடத் தயாராகிறார். இறக்கிவிட்டிருந்தால் உள்ளே எதையோ ஒளித்திருக்கிறார். ரோட்டைக் கடக்க இரண்டு பக்கமும் பார்த்தால் நோட்டம் விடுகிறார். பார்க்காமல் கடந்தால் பழகின இடம், ஏற்கெனவே வந்து போயிருக்கிறார். வீட்டைப் பூட்டினோமா என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்தால் திட்டம் தீட்டுகிறார். மறந்த குடையை எடுக்கத் திரும்பினால் ‘மீண்டும் வந்த மர்ம நபர்’. போனில் பேசினால் கூட்டாளிக்குத் தகவல். முதுகைச் சொறிந்தால் இடுப்பில் கத்தி.

ராத்திரி என்றால் கேட்கவே வேண்டாம். கண் இரண்டும் வெள்ளையாக மின்னும். எங்கள் வாட்ச்மேன் பேத்திகளைக் கண்ட தாத்தா. எறும்பை மிதித்தாலும் வருத்தப்படுவார். அவர் பீடி பற்ற வைத்த காட்சியைப் பார்த்துவிட்டு இரண்டாவது மாடிப் பையன் அன்றைக்கு அம்மா பக்கத்தில்தான் படுப்பேன் என்று அடம்பிடித்தான். இஸ்திரிக்காரர் மூட்டையோடு வெளியே வந்தால் மொத்தக் கட்டடமும் பீரோவைத் திறந்து பார்க்கிறது. நாகர்கோவிலிலிருந்து விடியற்காலை ரயிலில் வந்திறங்கிய என் மச்சினர், பலாப்பழம் ஒன்றைத் துண்டால் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பிள்ளை பிடிக்கிறவன் என்று செய்தி பரவி, அவர் பல் தேய்ப்பதற்குள் நாலு பேர் காலிங்பெல் அடித்துவிட்டார்கள். பழத்தைக் காட்டினோம். நல்லவேளை, பழுத்திருந்தது, ஆளுக்கு நாலு சுளை கொடுத்து அனுப்பினோம். இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. 2018-ல் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த ஒரு பாட்டியை இதே சந்தேகத்தில் அடித்தே கொன்றார்கள். அதற்குக் கேமராகூடத் தேவைப்படவில்லை. வாட்ஸ்அப் வதந்தியே போதுமானதாக இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆனால் தேதியைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பதிவுப் பெட்டி ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் பிறகு 2000 ஜனவரி 1-க்குத் திரும்பிவிடும். ஆகவே எங்கள் குடியிருப்பின் அத்தனை குற்றங்களும் அந்த ஒரே நாளில் நடந்தவை. அன்றைக்குச் செருப்பு காணாமல் போனது, நாய் அசிங்கம் செய்தது, தண்ணி லாரி சுவரை இடித்தது, நான் பால் எடுத்தது எல்லாம் நடந்திருக்கின்றன. அன்று இந்த இடம் வெறும் மனை.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. நீங்களும் இல்லை. சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே ஒரு செயின் பறிப்பை டிவியில் எட்டாவது முறையாகப் பார்த்து, ‘அந்தம்மா ரோட்டோரமா போயிருக்கக் கூடாது’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ரசத்துக்குத் தட்டை நீட்டுகிறவர்கள்தானே நாம்? நமக்கென்றேதான் பின்னணியில் அந்த டொய்ங் டொய்ங் இசையைப் போடுகிறார்கள்.

சென்னைக்குக் கேமரா விஷயத்தில் உலகப் புகழே உண்டு. ஏ.கே. விஸ்வநாதன் மாநகரக் காவல் ஆணையராக இருந்தபோது ‘மூன்றாவது கண்’ என்று பேர் வைத்துத் தெருத்தெருவாகக் கேமரா மாட்டினார்கள். சில வருடங்கள் கழித்து சர்ஃப்ஷார்க் என்ற நிறுவனம், சதுர கிலோமீட்டருக்கு 657 கேமரா என்று கணக்குச் சொல்லி, உலக நகரங்களிலேயே சென்னைக்கு முதலிடம் கொடுத்தது. குடிதண்ணீரில் வராத முதலிடம் இதில் வந்ததே என்று நானும் அந்தச் செய்தியை நாலு பேருக்கு அனுப்பினேன்.

சிவபெருமான் மூன்றாவது கண்ணைத் திறந்தார், மன்மதன் சாம்பலானான். எங்கள் தெருவில் அந்தக் கண் திறந்தபடியே இருக்க, அதற்கு நேர் கீழே ஒரு ஸ்கூட்டர் சாவகாசமாகத் திருட்டுப் போனது. பதிவைப் போட்டுப் பார்த்தோம். வந்தவன் ஹெல்மெட் போட்டிருந்தான். சட்டத்தை மதிக்கிற திருடன். அவன் முகம் தெரியவில்லை. பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் முகம் பளிச்சென்று தெரிந்தது.

ஒரு கேமரா நூறு போலீஸுக்குச் சமம் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அப்படியானால் எங்கள் கேட்டில் மட்டும் நானூறு போலீஸ். அதில் மாமரக் கிளையைப் பார்க்கிற நூறு பேர், எதிர்வீட்டு மொட்டைமாடியைப் பார்க்கிற நூறு பேர், ஒயரை எலி கடித்ததிலிருந்து மெடிக்கல் லீவில் இருக்கிற நூறு பேர் போக, மிச்சம் நூறு பேர் என் பால் பாக்கெட் மேல் கண்ணாக இருக்கிறார்கள்.

கேமராவால் குற்றம் குறைகிறதா என்றால், குறைகிறது. 2019-ல் பிசா, வெல்ஷ், ஃபாரிங்டன், தாமஸ் என்ற நான்கு ஆய்வாளர்கள் 40 வருட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கேமரா உள்ள இடங்களில் குற்றம் சுமார் 13 சதவீதம் குறைவு. நல்ல பலன் தெரிந்தது கார் நிறுத்துமிடங்களில். அடிதடி, வெட்டுக்குத்துக்குப் பெரிதாக மாற்றமில்லை. ஆகவே நீங்கள் ஒரு காராக இருந்தால் நிம்மதியாக நிற்கலாம்.

இதை செக்ரட்டரியிடம் சொன்னேன். “தப்பு பண்ணலைன்னா எதுக்கு சார் பயப்படணும்?” என்றார். இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. தப்பு பண்ணுகிறவன் எதற்குப் பயப்படுவான்? அவன் முகத்தை மூடிக்கொண்டு வருகிறான். தலை வாராமல், பனியனோடு, முகத்தைக் காட்டிக்கொண்டு வருகிறவன் நான்தானே! அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். பத்தாவது நீதிபதி எங்கள் செக்ரட்டரி. அவர் உடன்படவில்லை.

நம் போலீஸிடம் முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்லும் மென்பொருளும் இருக்கிறது. 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள்ளேயே யாரோ புகுந்து தகவலை அள்ளிக்கொண்டு போனார்கள். ஊர் முகத்தையெல்லாம் சேர்த்து வைத்த இடத்துக்கு, முகமே இல்லாத விருந்தாளி.

எரிச்சல் அதுகூட இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்துப்போனார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமராப் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். பெட்டியில் இடம் இல்லாமல் இல்லை. அந்த வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா ஸ்டேஷனிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்றது. 2025-ல் அதே நீதிமன்றம், ஸ்டேஷன் கேமராக்கள் ஏன் வேலை செய்யவில்லை என்று தானாகவே வழக்கு எடுக்க வேண்டி வந்தது. என் அரை லிட்டர் பாலுக்கு இருக்கிற ஞாபகசக்தி லாக்கப்புக்கு இல்லை. நூறு போலீஸுக்குச் சமமான கேமராவுக்கு நிஜ போலீஸ் இருக்கிற இடத்தில்தான் கண் மங்குகிறது.

அந்த மூன்று முக்கியமான விஷயங்களுக்கு வருகிறேன். முதலாவது, பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று ஒரு விதி வேண்டும் என்பது. இதை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். குறித்துக்கொள்கிறோம் என்றார்கள். இரண்டாவதைச் சொல்வதற்குள் புதுக் கேமராவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலை ஆரம்பித்துவிட்டார்கள். இந்தத் தடவை பேச்சும் பதிவாகும் ரகமாம். மூன்றாவதை இனி நான் எங்கே நின்று சொல்வது?

காசு தராதவர்கள் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். ஒரே பெயர்தான். போர்டுக்கு நேர் மேலே, நோட்டீஸைக் கிழிக்கிறவரைப் பிடிக்க, முதல் கேமராவை மாட்டியும்விட்டார்கள்.